அடுப்புக்கு முன் விறகு: வீட்டை விறகால் சூடாக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

விறகால் வீட்டைச் சூடாக்குவது என்று முடிவெடுத்தவுடன் பெரும்பாலோர் கடைக்குப் போய் அடுப்பைத்தான் பார்க்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கண்ணாடிக் கதவும் வார்ப்பிரும்பு உடலுமாகக் கண்ணைப் பறித்த ஓர் அடுப்பை முதலில் வாங்கினேன். அதைப் பொருத்தும் ஆளைப் பிறகு தேடினேன். அனுமதி வாங்க வேண்டும் என்பதை அதற்கும் பிறகு அறிந்தேன். விறகைக் கடைசியாக, குளிர் வாசலில் வந்து நின்ற வாரத்தில் வாங்கினேன். முதல் குளிர்காலம் முழுவதும் விறகின் முனைகளில் நுரை பொங்கிச் சீறுவதைக் கேட்டபடி, கரியேறிய கண்ணாடியின் முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறு ஆண்டு அதே அடுப்பில் நன்றாகக் காய்ந்த விறகை இட்டபோதுதான், அது அரைமணி நேரத்தில் அறையைச் சூடாக்கி, அந்தச் சூட்டை நள்ளிரவு தாண்டியும் தன் உடலில் வைத்திருக்கக்கூடியது என்று தெரிந்தது. அந்த நிறைவை நீங்கள் முதல் ஆண்டிலேயே அடையலாம். அதற்காக, வேலைகளை நான் செய்த வரிசையில் சொல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

இங்கே கணப்படுப்பு என்று நான் சொல்வது சமையலுக்கான விறகடுப்பை அன்று. எல்லாப் பக்கமும் மூடிய, கதவும் காற்று வாயிலும் உள்ள, புகையைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே அனுப்புகிற அடுப்பைச் சொல்கிறேன். சுவரில் திறந்திருக்கும் கணப்புக்குழி பார்வைக்கு அழகானது. ஆனால் விறகின் வெப்பத்தில் 10 முதல் 20 விழுக்காட்டைத்தான் அது வீட்டுக்குத் தரும். மூடிய புதுவகை அடுப்பு 70 முதல் 80 விழுக்காட்டைத் தரும்.

1. விறகைக் குறைந்தது ஓராண்டு முன்பே வாங்கி அடுக்குங்கள்

வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். எரிக்கத் தகுந்த விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பைன் போன்ற மென்மரம் அந்த நிலைக்கு வர, பிளந்து அடுக்கிய பிறகு ஒரு முழுக் கோடையாவது ஆகும். ஓக் போன்ற வைரம் பாய்ந்த மரத்துக்கு இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். காத்திருக்க முடியாதவர்கள் சூளையில் உலர்த்திய விறகை வாங்கலாம். அதற்கு விலை கூடுதல்.

ஈர விறகால் வரும் நட்டத்தை நான் முதலில் தவறாகக் கணக்கிட்டேன். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 0.7 கிலோவாட் மணி வெப்பம் செலவாகிறது. காய்ந்த விறகோ கிலோவுக்கு ஏறத்தாழ 4 கிலோவாட் மணி தருகிறது. இதை மட்டும் பார்த்தால் நட்டம் தாங்கக்கூடியதாகவே தோன்றும். உண்மையான நட்டம் வேறோர் இடத்தில் நிகழ்கிறது. சூடேறிய விறகிலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரிவதில்தான் அதன் வெப்பத்தில் பாதிக்கும் மேல் கிடைக்கிறது. அவை முழுமையாக எரிய அடுப்பினுள் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் அடுப்பு அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. எரியாத வாயுக்கள் புகையாக மேலே போய், புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் படிந்து, தார்போன்ற பிசினாக இறுகுகின்றன. கிரியோசோட் எனப்படும் அந்தப் பிசின்தான் புகைபோக்கியில் தீப்பிடிக்கக் காரணமாகிறது. நீங்கள் விலை கொடுத்து வாங்கிய வெப்பம் வீட்டுக்கு வராமல், வீட்டுக்கு ஆபத்தாகப் புகைபோக்கியில் ஒட்டிக்கொள்கிறது.

விற்பவர் சொல்லும் ‘காய்ந்த விறகு’ என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். எனக்கு விற்றவர் பொய் சொன்னார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். மரம் வெட்டப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது உண்மைதான். ஆனால் அது பிளக்கப்படாமல் முழு உருளையாகவே கிடந்திருக்கிறது. பட்டை மூடிய உருளைக்குள் இருக்கும் ஈரம் எளிதில் வெளியேறாது. பிளந்த நாளிலிருந்துதான் காயும் காலத்தை எண்ண வேண்டும். ஆகவே ‘எப்போது வெட்டியது?’ என்று கேட்காமல் ‘எப்போது பிளந்தது?’ என்று கேளுங்கள்.

இரண்டு முள்முனைகள் கொண்ட ஈரப்பதமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த முயற்சி முழுவதிலும் நான் செய்த மிகச் சிறிய செலவு அதுதான். மிகவும் பயன்பட்டதும் அதுதான். அதை விறகின் வெளிப்புறத்திலோ வெட்டிய முனையிலோ குத்தினால் ஏமாந்துபோவீர்கள். அந்த இடங்கள் முதலில் காய்ந்துவிடும். ஒரு துண்டை எடுத்துப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தின் நடுவில், மரநாரின் போக்கிலேயே இரு முட்களும் அமையும்படி அழுத்துங்கள். நான் அப்படிக் குத்திப் பார்த்தபோது வெளியே 17 காட்டிய துண்டு உள்ளே 34 காட்டியது. கருவி கையில் இல்லாதபோது இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்த விறகு கணீரென்று ஒலிக்கும். ஈர விறகு சேற்றில் கல் விழுந்ததுபோல மந்தமாக ஒலிக்கும்.

பைன் விறகில் பிசின் இருப்பதால் புகைபோக்கி கெடும் என்று பலர் சொல்வார்கள். புகைபோக்கியைக் கெடுப்பது ஈரமும் காற்றில்லாமல் புகைய விடுவதும்தான். நன்றாகக் காய்ந்த பைன் நல்ல விறகு. தீ மூட்டவும், குளிர் கடுமையாக இல்லாத நாட்களில் சட்டென்று சூடேற்றவும் அது வைரமரத்தைவிட வசதியானது. கனமான மரம் நெடுநேரம் நின்று எரியும் என்பதுதான் வேறுபாடு.

அளவிலும் கவனம் தேவை. வண்டியிலிருந்து கொட்டிய ஒரு கன மீட்டர் விறகை ஒழுங்காக அடுக்கினால் ஏறத்தாழ 0.6 அல்லது 0.7 கன மீட்டர்தான் தேறும். ‘அடுக்கிய அளவா, கொட்டிய அளவா?’ என்பதை விலை பேசும்போதே கேட்டு, பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள். துண்டின் நீளத்தையும் குறிப்பிடச் சொல்லுங்கள். என் அடுப்பு 30 சென்டிமீட்டர் விறகைத்தான் கொள்ளும். வந்து இறங்கியது 33 சென்டிமீட்டர். அந்த மூன்று சென்டிமீட்டருக்காகப் பாதிக் குவியலை நான் கைவாளால் அறுக்க நேர்ந்தது.

அடுக்கும் இடம் வெயிலும் காற்றும் படும் இடமாக இருக்கட்டும். தரையில் நேரடியாக வைக்காமல் கட்டைகளின் மேல் தூக்கி வையுங்கள். மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களைத் திறந்தே விடுங்கள். நான் மழைக்குப் பயந்து அடுக்கு முழுவதையும் தார்ப்பாயால் தரைவரை போர்த்தினேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது உள்பக்கம் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. துண்டுகளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. விறகைக் காய வைப்பது காற்று. மழைச்சாரல் பக்கவாட்டில் படுவதால் பெரிய கெடுதி இல்லை. வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் பூச்சிகளுக்கு வழி அமைத்துக் கொடுத்ததாக ஆகிவிடும். சிறிது தள்ளி அடுக்குங்கள்.

2. அடுப்பின் அளவைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுங்கள்

‘பெரிதாக இருந்தால் நல்லதுதானே’ என்ற எண்ணம் இங்கே தவறு. அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 14-ஆல் வகுத்தால், ஓரளவு வெப்பக் காப்புள்ள வீட்டுக்குத் தேவையான கிலோவாட் கிடைக்கும். சுவரும் சன்னலும் நன்றாகக் காப்பிடப்பட்ட புது வீட்டுக்கு இதைவிடக் குறைவாகவே போதும். என் அறை 70 கன மீட்டர்; 5 கிலோவாட் போதுமானது. நான் வாங்கியது 9 கிலோவாட். அதை முறையாக எரித்தால் அறை தாங்க முடியாத அளவு சூடாகும். சூட்டைக் குறைக்கக் காற்றை அடைத்தால் தீ புகைந்து கண்ணாடி கறுக்கும். பெரிய அடுப்பைக் கட்டுப்படுத்தி எரிப்பதைவிடச் சிறிய அடுப்பைத் தாராளமாக எரிப்பது எல்லா வகையிலும் நல்லது.

எஃகு அடுப்பு விரைவில் சூடேறி விரைவில் ஆறும். வார்ப்பிரும்பு சற்று நிதானமானது. மாக்கல் பதித்த அடுப்பு சூடேற நெடுநேரம் எடுத்து, தீ அணைந்த பிறகும் பல மணி நேரம் சூட்டை வெளியிடும். மாலையில் மட்டும் சிறிது நேரம் எரிப்பவருக்கு எஃகும், நாள் முழுவதும் வீட்டில் இருப்பவருக்கு மாக்கல்லும் பொருந்தும் என்பது என் கருத்து.

3. ஆவணங்களைத் திரட்டாமல் ஆணி அடிக்காதீர்கள்

விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும்; ஆனால் கேட்கப்படும் தாள்கள் பெரும்பாலும் ஒன்றே. நான் கடைசியில் ஒரே கோப்பில் சேர்த்து வைத்தவை இவை.

முதலாவது, அடுப்பின் கையேடும் அதன் பின்புறத் தகட்டின் படமும். வெப்பத் திறன், புகை அளவு, சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளி ஆகியவை அந்தத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அடுப்பைச் சுவரோரம் பொருத்திவிட்டால் தகட்டைப் பார்ப்பது அரிது. முன்கூட்டியே படம் எடுத்துவிடுங்கள். பழைய அடுப்பை மலிவாக வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்: தகடு இல்லாத அடுப்பைப் பல இடங்களில், பொருத்தியதைச் சோதிக்க வரும் ஆய்வாளர் ஏற்கமாட்டார். அமெரிக்காவில் 2020 மே மாதம் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதலும் புதிய அடுப்புகளுக்குக் கடுமையான புகை வரம்புகள் நடைமுறையில் இருக்கின்றன. வேறு இடங்களிலும் இத்தகைய வரம்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, உள்ளாட்சி அலுவலகத்தின் கட்டட அனுமதி. உங்கள் பகுதியில் விறகு எரிக்கவே தடையோ கட்டுப்பாடோ உண்டா என்பதையும் அதே அலுவலகத்தில் கேட்டுவிடலாம். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும், வாய்ச்சொல் போதாது.

மூன்றாவது, வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம். பலர் விட்டுவிடுவது இதைத்தான். விறகு அடுப்பு வைத்ததைத் தெரிவிக்காமல் இருந்தால், பின்னால் ஏதேனும் நேரும்போது இழப்பீடு மறுக்கப்படலாம். தொலைபேசியில் ‘சரி’ என்றார்கள் என்று நிம்மதியாக இருந்துவிடாமல் எழுதி வாங்குங்கள்.

நான்காவது, பொருத்தியவர் தரும் சான்றும் ஆய்வாளரின் ஒப்புதலும். அதோடு, சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் மறையப்போகும் குழாய்ப் பகுதிகளை மூடுவதற்கு முன் அளவுநாடாவோடு படம் எடுத்து வையுங்கள். என் வீட்டு ஆய்வாளர் வந்தபோது கூரைப்பலகை மூடப்பட்டிருந்தது. இடைவெளி சரியாக உள்ளதைக் காட்ட அதைப் பெயர்த்து, மீண்டும் அடைக்க வேண்டியதாயிற்று.

4. புகைபோக்கி

அடுப்பை இயக்குவது புகைபோக்கிதான். உள்ளே இருக்கும் சூடான காற்று லேசாகி மேலே ஏற, அந்த இழுவையில்தான் புதுக்காற்று அடுப்புக்குள் வருகிறது. ஆகவே புகைபோக்கி சூடாகவும், உயரமாகவும், நேராகவும் இருக்க வேண்டும். வீட்டுக்குள்ளாகவே மேலே செல்லும் குழாய் வெளிச்சுவரில் ஏறும் குழாயைவிட நல்லது. வெளியே இருப்பது குளிர்ந்துபோய் இழுவை குறையும், பிசினும் கூடுதலாகப் படியும். வெளியேதான் வைக்க வேண்டும் என்றால் இரட்டைச் சுவருள்ள காப்பிட்ட குழாயைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். வளைவுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். அடுப்பின் வாய் 150 மில்லிமீட்டர் என்றால் புகைபோக்கியும் அதே அளவில் இருக்கட்டும். பழைய அகன்ற செங்கல் புகைபோக்கியில் நேரடியாக இணைத்தால் புகை அதற்குள் பரவி ஆறிவிடும். அதனுள்ளே எஃகு உள்குழாய் இறக்கச் சொல்லுங்கள்.

கூரைக்கு மேலே எவ்வளவு உயரம் வேண்டும் என்பதற்கு வட அமெரிக்காவில் பின்பற்றப்படும் கணக்கு நினைவில் வைக்க எளிதானது: கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடி, 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி கூடுதல். மற்ற இடங்களில் எண்கள் சற்று மாறலாம். இதில் குறைந்தால் காற்றடிக்கும் நாட்களில் புகை வீட்டுக்குள் திரும்பும்.

அடுப்பின் மேல் நிற்கும் ஒற்றைச்சுவர்க் குழாயின் துண்டுகள் எந்தப் பக்கம் ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஒவ்வொரு துண்டின் ஒடுங்கிய முனையும் கீழ்நோக்கி, அடுத்த துண்டுக்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் உள்ளே உருகும் பிசின் உள்ளேயே வழிந்து அடுப்பில் விழுந்து எரியும். புகை மேலே போகிறது என்பதால் மேல்நோக்கிச் செருகுவதே சரி என்று மனம் சொல்லும். எனக்குப் பொருத்தியவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. மூன்றாம் வாரம் குழாயின் வெளிப்புறத்தில் வெல்லப்பாகு போன்ற பழுப்புக் கோடுகள் வழிந்து, அடுப்பின் மேல் சொட்டி, வீடெல்லாம் கருகிய நெடி பரவியது. குழாய் முழுவதையும் கழற்றித் திருப்பி மாட்ட ஒரு நாளும் இரண்டாவது கூலியும் ஆயின.

எரியக்கூடிய சுவர், மரச்சாமான், திரைச்சீலை ஆகியவற்றிலிருந்து விட வேண்டிய இடைவெளியைத் தகட்டில் உள்ளபடி விடுங்கள். தகட்டில் இல்லாத பழைய அடுப்புக்கு எல்லாப் பக்கமும் 36 அங்குலம் என்பதே பாதுகாப்பான அளவு. அடுப்பின் கீழும், கதவுக்கு முன்னால் குறைந்தது 45 சென்டிமீட்டரும் கல்லோ ஓடோ போன்ற எரியாத தளம் வேண்டும். கதவைத் திறக்கும்போது பொறி பறந்து விழுவது அங்கேதான். புகை எச்சரிக்கைக் கருவியோடு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் மாட்டுங்கள். அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. கருவி இல்லாமல் அதை உணர வழியில்லை.

காற்றுப் புகாத புது வீடாக இருந்தால், அடுப்புக்கென்று வெளிக்காற்றுக் குழாய் ஒன்றையும் சேர்த்தே கேளுங்கள். சமையலறையின் காற்றுப்போக்கி விசிறி ஓடும்போது வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்து, அடுப்பின் புகை அறைக்குள் இழுக்கப்படலாம். அடுப்பைத் திறக்கும் முன் விசிறியை நிறுத்துவது இன்றுவரை எனக்கு வழக்கமாக இருக்கிறது.

5. செலவையும் காலத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்

கடையில் ஒட்டியிருக்கும் விலை முழுச் செலவின் ஒரு பகுதிதான். என் கணக்கில் அடுப்பைவிடப் புகைபோக்கியும் பொருத்தும் கூலியும் கூடுதலாக வந்தன. புகைபோக்கி புதிதாக அமைக்கும் பலருக்கும் இப்படித்தான் ஆகும். அதோடு தரைத்தளம், அனுமதிக் கட்டணம், எச்சரிக்கைக் கருவிகள், விறகுக் கொட்டகை, ஆண்டுதோறும் புகைபோக்கி துப்புரவுக் கூலி ஆகியவற்றைச் சேருங்கள். விலைப்பட்டியல் கேட்கும்போது ‘கூரைக்கு மேல் தொப்பி வரை, ஆய்வுச் சான்று உட்பட’ என்று சொல்லிக் கேட்டால் பின்னால் சச்சரவு வராது.

விறகின் அளவை இப்படிக் கணக்கிடலாம். சராசரியாக 5 கிலோவாட் வெப்பம் தரும், 75 விழுக்காடு திறனுள்ள அடுப்பு மணிக்கு ஏறத்தாழ 1.7 கிலோ விறகைத் தின்னும். நாளுக்குப் பத்து மணி நேரம், 150 நாட்கள் என்றால் இரண்டரை டன். காய்ந்த வைரமரம் அடுக்கிய ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ இருக்கும். ஆகவே அடுக்கிய நிலையில் ஐந்து முதல் ஆறு கன மீட்டர் தேவை. அடுத்த ஆண்டுக்கான விறகும் காய்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பதால், இடத்தை இதுபோல் இரு மடங்கு ஒதுக்குங்கள்.

கால வரிசையில், விறகு முந்தைய ஆண்டே வந்துவிட வேண்டும். குளிர் முடிந்தவுடன் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள், கோடையில் பொருத்துங்கள். முதல் குளிர்காற்று அடித்த பிறகு பொருத்துபவரை அழைத்தால், உங்களுக்கு முன்னால் ஊரே வரிசையில் நிற்கும்.

6. புது அடுப்பைப் பழக்குங்கள்

முதல் நாளே பெருந்தீ மூட்டாதீர்கள். இரண்டு மூன்று நாட்கள் சிறு தீயாக எரித்து, ஒவ்வொரு முறையும் முழுமையாக ஆறவிடுங்கள். வண்ணப்பூச்சு இறுகும்போது நெடியுடன் சிறிது புகை வரும். சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

7. அன்றாடம் தீ மூட்டும் முறை

கீழே தாளும் சுள்ளியும், மேலே விறகும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். கணப்படுப்பில் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். அடியில் இரண்டு பருத்த துண்டுகளைச் சிறிது இடைவெளி விட்டு வையுங்கள்; அவற்றின் குறுக்கே இரண்டு மூன்று மெல்லிய துண்டுகள்; அதற்கு மேல் விரல் தடிமனுள்ள சுள்ளிகள் எட்டுப் பத்தைக் கட்டம் கட்டமாக; உச்சியில் தீமூட்டி. காற்று வாயிலை முழுவதும் திறந்து, உச்சியில் பற்றவையுங்கள். தீ மேலிருந்து மெல்லக் கீழே இறங்கும். கீழ்த்துண்டுகளிலிருந்து கிளம்பும் வாயு மேலே உள்ள தழலைக் கடந்தே போக வேண்டியிருப்பதால் எரிந்துவிடும். புகைபோக்கியும் சட்டென்று சூடாகும்.

கடுங்குளிர் நாளில் புகைபோக்கிக்குள் குளிர்காற்று அடைத்துக்கொண்டு, கதவைத் திறந்தாலே முகத்தில் சில்லென்று இறங்கும். அப்படி இருந்தால் பற்றவைக்கும் முன் ஒரு தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகை வெளியேறும் வாய்க்கருகே பிடியுங்கள். ‘குப்’பென்று தீ மேலே இழுக்கப்படுவதைக் கண்ட பிறகு மூட்டுங்கள்.

பதினைந்து இருபது நிமிடங்களில் பருத்த துண்டுகள் பற்றிக்கொண்டதும் காற்றைப் படிப்படியாகக் குறையுங்கள். ஒற்றைச்சுவர்க் குழாயில், அடுப்புக்கு அரை மீட்டர் மேலே, காந்த வெப்பமானி ஒன்றை ஒட்டி வைத்தால் கைக்கு அளவு பிடிபடும். 120 டிகிரிக்குக் கீழே நின்றால் பிசின் படிகிறது, 240-ஐத் தாண்டினால் அடுப்பு வருந்துகிறது என்று பொருள். சரியான நிலையில் தீ விறகை விட்டு விலகி, அடுப்பின் மேற்பகுதியில் தனியாக மிதந்து அலையும். விறகு அமைதியாகச் சிவந்துகொண்டிருக்கும். அப்போது வெளியே போய்ப் புகைபோக்கியைப் பாருங்கள். புகையே தெரியக்கூடாது, உச்சியில் காற்று மட்டும் கானல்போல நெளிய வேண்டும். இரண்டாம் ஆண்டில் அதை முதன்முதலாகப் பார்த்தபோது, குளிரில் மேல்சட்டை இல்லாமல் நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுபடி விறகு இடும்போது கதவைச் சட்டென்று திறந்தால் புகை அறைக்குள் வரும். காற்று வாயிலை முதலில் திறந்து, கதவைச் சிறிது விலக்கிச் சில நொடிகள் பொறுத்து, பிறகு முழுவதும் திறங்கள். தணலை முன்பக்கம் இழுத்துவிட்டு விறகை வைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் காற்றைத் தாராளமாக விடுங்கள்.

வண்ணம் பூசிய மரம், ஒட்டுப்பலகை, மருந்தேற்றிய மரம், நெகிழி, கடலில் மிதந்து வந்த மரம் ஆகிய எதையும் எரிக்காதீர்கள். இவற்றிலிருந்து நச்சுப்புகை வரும். கடல் மரத்தின் உப்பு இரும்பை அரிக்கும். காய்ந்த விறகும்கூட நுண்துகள்களை வெளியிடுகிறது என்பதால், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அடுப்பு வாங்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

சூட்டை அடுத்த அறைக்கு அனுப்ப விசிறியை அடுப்பின் பக்கம் வைப்பதால் பெரிய பயன் இல்லை. குளிர்ந்த அறையின் தரையில் சிறு விசிறியை வைத்து, அங்குள்ள குளிர்காற்றை அடுப்பறைக்குத் தள்ளுங்கள். சூடான காற்று வாசலின் மேற்பாதி வழியாகத் தானே அங்கே போய்ச் சேரும்.

8. இரவில் செய்யக் கூடாதவை

தூங்கப்போகும் முன் அடுப்பை விறகால் நிரப்பிக் காற்றை முழுவதும் அடைத்துவிட்டால் விடியும்வரை தீ இருக்கும் என்று எனக்கும் சொன்னார்கள். தீ இருக்கும், ஆனால் அது எட்டு மணி நேரம் புகைந்துகொண்டே இருக்கும். ஓர் இரவின் அந்த வேலை ஒரு மாதத்துப் பிசினைப் படியவைக்கும் என்று என் வீட்டுக்கு வரும் துப்புரவாளர் சொல்வார்; அவர் சுரண்டி எடுத்துக் காட்டிய கரித்தகடுகளைப் பார்த்த பிறகு நான் வாதிடவில்லை. படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு மூன்று கனமான துண்டுகளை இட்டு, அவை நன்றாகப் பற்றியபின் காற்றை மிதமாகக் குறைத்துவிட்டுப் படுங்கள். காலையில் சாம்பலைக் கிளறினால் அடியில் நெல்லிக்காய் அளவுக் கங்குகள் கிடக்கும். மேலே நாலு சுள்ளி வைத்தால் தீக்குச்சியே வேண்டாம்.

குழாயில் தனியாக அடைப்புத் தகடு இருந்தால், தணல் முழுவதும் அணையும்வரை அதை மூடாதீர்கள். தீ தெரியாமல் தணல் மட்டும் கனன்றுகொண்டிருக்கும் நேரத்தில்தான் கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வரும்.

புகைபோக்கியில் தீப்பிடித்தால் ரயில் ஓடுவதுபோன்ற இரைச்சல் கேட்கும். உள்ளே வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். கதவையும் காற்று வாயிலையும் அடைத்து, எல்லாரையும் வெளியேற்றி, தீயணைப்புத் துறையை அழையுங்கள். அடுப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ தானாக அணைந்தாலும், ஆய்வு முடியும்வரை அந்த அடுப்பை மூட்டாதீர்கள்.

9. சாம்பலும் பராமரிப்பும்

அடுப்பைத் தினமும் வழித்துத் துடைக்க வேண்டியதில்லை. சல்லடைத்தட்டு இல்லாத அடுப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாம்பல் கிடந்தால் தணல் அதில் புதைந்து நன்றாக நிற்கும். எடுக்கும் சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, கல்தரையில் வையுங்கள். ஆறிவிட்டதாகத் தோன்றும் சாம்பலுக்குள் கங்கு மூன்று நான்கு நாட்கள்கூட உயிரோடிருக்கும். அட்டைப்பெட்டி, நெகிழிப்பை, மரத்திண்ணை, வீட்டுத் தூசுறிஞ்சி ஆகிய எதற்கும் அந்தச் சாம்பல் போகக்கூடாது.

கண்ணாடியில் கரி படிந்தால், ஆறிய பிறகு, ஈரமான செய்தித்தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். அடிக்கடி கறுக்கிறது என்றால் விறகின் ஈரத்தைச் சோதியுங்கள். கதவின் ஓரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிற்றையும் பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் கயிற்றை மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் துப்புரவாளரை அழைத்துப் புகைபோக்கியைத் தேய்க்கச் செய்யுங்கள். அவர் தரும் சான்றில் தேதி இருக்கிறதா என்று பார்த்து அந்தக் கோப்பிலேயே சேருங்கள், காப்பீட்டார் முதலில் கேட்பது அதைத்தான். குளிர்காலம் முடிந்த வாரமே அழைத்தால் அவருக்கும் நேரம் இருக்கும். பிசினும் கோடை முழுவதும் குழாயில் ஊறிக்கிடந்து இரும்பை அரிக்காது. அதே வாரத்தில் வரும் ஆண்டுக்கான விறகையும் பிளந்து அடுக்கிவிட்டு, அடுக்கின் முனைத்துண்டில் பிளந்த மாதத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதி வையுங்கள்.